பிராசஸரைவிட மதர்போர்டுக்குக் காசு அதிகம்

நான் இருக்கும் நாட்டில் பழைய கம்ப்யூட்டர் பாகங்களைக் காசாக்குவது லேசில்லை. இணையத்தில் படம் போட்டால் "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பலாம். பாகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, நின்ற இடத்திலேயே காசை எண்ணிக் கொடுக்கும் ஆள் ஊரில்தான் இன்னும் இருக்கிறார். இந்த முறை அவரிடம் போய் வந்ததில் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல்.

அக்கா வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது, 2015-இல் வெளிவந்த ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் போட்ட கம்ப்யூட்டர். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பிராசஸரை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். இரண்டு தலைமுறைக்கும் சாக்கெட்டின், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தின், பெயர் எல்ஜிஏ 1151 என்றுதான் இருக்கும், எட்டாம் தலைமுறை சிப் பழைய போர்டில் கச்சிதமாக உட்காரவும் செய்யும். ஓடத்தான் ஓடாது. ஆக, போர்டும் போக வேண்டும்.

முதல் எரிச்சல், பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கும் எக்ஸ்சேஞ்ச். பழசைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று தெரிந்த நொடியில் புதுசின் விலை ஏறிவிடுகிறது. பழசுக்கு தாராளமாகக் கொடுப்பதுபோலக் கொடுத்து, அதைப் புதுசில் வாங்கிவிடுகிறார்கள். விலைச்சீட்டைப் பார்த்தே பொருள் வாங்கிப் பழகிய எனக்கு, ஒரே போர்டுக்கு ஆளுக்கொரு விலை என்பது இப்போதெல்லாம் தலைவலி. ஒரு காலத்தில் இதில் நானும் கெட்டிக்காரன்தான். அந்தப் பொறுப்பை அக்கா மகன் எடுத்துக்கொண்டான். "மாமா, பையை வெளியிலயே வெச்சுக்குங்க. புதுசோட விலையை முதல்ல வாங்கிடுறேன், அப்புறம் உள்ள வாங்க" என்றான். வாசலில் பையோடு நின்றேன். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்பது என் செருப்பைப் பார்த்தே கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவன் வாங்கிவைத்த விலை மாறவில்லை.

பிராசஸர்தான் விலைபோகும் என்று நினைத்திருந்தேன். கடைக்காரரோ அதன்மேல் வெப்பம் கடத்தப் பூசி, காய்ந்து கெட்டிப்பட்டிருந்த பேஸ்ட்டைத் துணியால் துடைத்து, நம்பரைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். பிறகு மதர்போர்டை எடுத்தார். சாக்கெட்டின் கம்பியை விடுவித்து மூடியைத் தூக்கி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராக அடித்தால் எல்லாம் மினுங்கும், ஒன்றும் தெரியாது. சாய்த்து அடித்தால், சிப்பைத் தொடும் மெல்லிய கம்பிகளான பின்களில் ஒன்று வளைந்திருந்தாலும் வரிசையில் அது மட்டும் வேறு மாதிரி மின்னும். இன்டெலின் இந்த வகையில் பின்கள் சிப்பில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தால்கூட ஒரு ரேம் ஸ்லாட் செத்துப்போகலாம், போர்டே எழாமலும் போகலாம். போர்டைத் திருப்பித் திருப்பி நாலு பக்கத்திலிருந்தும் பார்த்தார். அப்புறம் மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலையை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார், உப்பியிருக்கிறதா என்று. கடைசியாகத் தன் பிராசஸர் ஒன்றைப் போட்டு, திரை வரும்வரை பேசாமல் நின்றார்.

"சாக்கெட்டுக்கு பிளாஸ்டிக் மூடி இருக்கா சார்?"

இருந்தது. அக்கா எந்த அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. பரணில் இருந்த போர்டின் பெட்டிக்குள் மூடியும் இருந்தது, இணைப்புத் துளைகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகடும் இருந்தது. அந்தத் தகடு இல்லாமல் விற்க வரும் போர்டுகள்தான் அதிகமாம்.

பிறகு அவர் சொன்ன விலைதான் என்னை அசத்தியது. போர்டுக்குச் சொன்னது, பிராசஸருக்குச் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். காரணம் கேட்டேன். "சிப்பு எங்க சார் சாகுது? போர்டுதான் சாகும். வோல்டேஜ் எகிறினா முதல்ல போறது அதுதான். எங்கிட்ட இந்த சிப்பு டப்பா நிறைய கிடக்கு, உக்கார வைக்கத்தான் போர்டு இல்ல" என்றார். யோசித்தால் அதுதானே நியாயம்? பழைய சாக்கெட்டுக்குப் புதிய போர்டு செய்வதைக் கம்பெனிகள் குறைத்துக்கொண்டே போகின்றன. ஏதோ ஓர் அலுவலகத்தில் இதே தலைமுறை இயந்திரங்கள் வரிசையாக ஓடும். ஒன்றின் போர்டு போனால் முழுசையும் மாற்றுவதைவிட இது மலிவு. நான் இருக்கும் நாட்டில் இந்த வயதுப் போர்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயங்குவார்கள்.

ரேமை எடுத்து நீட்டியபோதும் ஒரு ஆச்சரியம். இந்த ரேமின் வகையான டிடிஆர்4-இன் விலை 2025 கடைசியில் தாறுமாறாக ஏறியது. நினைவகச் சிப் செய்கிறவர்கள் ஏஐ சர்வர்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். வாங்கிப் போட்டால் அவருக்குத்தான் லாபம். ஆனாலும், "இதை ஏன் சார் விக்கிறீங்க? பன்னிரண்டாம் தலைமுறைக்கு டிடிஆர்4 போடுற போர்டே இருக்கு. அதை வாங்குங்க, ரேம் செலவு மிச்சம்" என்றார். புதுசில் அடுத்த வகையான டிடிஆர்5 மட்டும்தான் போடமுடியும் என்று வெளிநாட்டுக் கடையில் ஒருவர் எனக்கு அடித்துச் சொல்லியிருந்தார்.

ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரு விலை சொன்னார். அதை மட்டும் கொடுக்கவில்லை. குயிக் ஃபார்மட் அடித்தால் எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணைதான் போகும், கோப்புகள் அப்படியே கிடக்கும். மீட்டெடுக்கும் மென்பொருள் சும்மாவே கிடைக்கிறது. அக்கா வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாம் ஸ்கேன் செய்து அதில்தான் கிடந்தன. டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்க மணிக்கணக்காகும், என் விமானம் அதற்குக் காத்திருக்காது. அதைக் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தேறியிருக்குமே என்று அக்கா இன்னமும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.