‘ரி’ எழுத்து ஒல்லாந்தச் சல்லி வாங்கப் போறவங்க கவனத்துக்கு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வட்ஸ்அப் வழியாக ஒரு செப்புச் சல்லி விலைக்கு வந்தது. ஒல்லாந்தரின் ஒரு ஸ்டைவர், வி.ஓ.சி (ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி) முத்திரைக்கு மேலே ‘ரி’ (T) எழுத்து. வாங்கியவர் கொடுத்தது 22,000 ரூபாய். கைக்கு வந்தபின் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால், அது எழுத்துத் தேய்ந்துபோன சாதாரணக் கொழும்புச் சல்லி. ‘ரி’ பிறகு செதுக்கியது.

1780களிலும் 1790களிலும் ஒல்லாந்தக் கம்பனி இலங்கையிலேயே அடித்த இந்தத் தடித்த சல்லிகளில் நாணயசாலை எழுத்து இருக்கும். கொழும்புக்கு ‘சி’ (C), காலிக்கு ‘ஜி’ (G), யாழ்ப்பாணத்துக்கு ‘ஐ’ (I), திருகோணமலைக்கு ‘ரி’. ‘சி’ லேசாகக் கிடைக்கும், ‘ரி’ கிடைக்காது. விலை ஏறுவது அந்த ஒரு எழுத்தால்தான். கள்ளவேலையும் அந்த இடத்திலேயே நடக்கிறது. திருகோணமலை 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிந்திய ஆண்டு போட்ட ‘ரி’ வந்தால் பேச்சே தேவையில்லை, போலிதான்.

தேய்ந்த செம்பில் எழுத்து மேடாகத் தெரிய வேண்டுமென்றால் சுற்றியுள்ள பரப்பைச் சுரண்டித் தாழ்த்த வேண்டும். தட்டார் ஊசியால் செய்கிற வேலை இது. பத்து மடங்கு லூப்பை வைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். இந்தச் சல்லியில் ‘ரி’யைச் சுற்றி மட்டும் ஒரு பள்ளம், அதற்குள் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள். எழுத்தின் ஓரம் கத்தி மாதிரிக் கூர். பக்கத்தில் வி.ஓ.சி முத்திரையோ மழுங்கிக் கிடக்கிறது. ஒரே அடியில் விழுந்து ஒரே அளவு புழங்கிய இரண்டும் அப்படி வேறுபடாது. பள்ளத்துக்குள் மட்டும் கறுப்பு, மை போல ஒரே நிறம். அசிற்றோன் தொட்ட பஞ்சால் தேய்த்ததும் பஞ்சு கறுத்தது, கீழே இளஞ்சிவப்புச் செம்பு தெரிந்தது. இருநூறு வருடத்துக் களிம்பு அசிற்றோனுக்கு அசையாது. கந்தக மருந்து போட்டுக் கறுப்பாக்கியிருந்தால் அசிற்றோனாலும் போகாது என்பதால், பஞ்சு சுத்தமாக வந்ததை மட்டும் வைத்து நம்பிவிட வேண்டாம்.

அடர்த்திச் சோதனை இந்த வகை மோசடியைப் பிடிக்காது, ஏனென்றால் செம்பு உண்மையானது. பித்தளையில் வார்த்த போலிக்குத்தான் அது உதவும். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கி, சல்லியை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். சல்லியின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும். 12 கிராம் சுத்தச் செம்பென்றால் 1.34 காட்டும், அதாவது 8.96. பழைய செம்பில் கலப்பு உண்டு, கொஞ்சம் குறையலாம். 8.5 பக்கம் வந்தால் சந்தேகப்படுங்கள். கூட ஒட்டிய காற்றுக் குமிழைத் தட்டிவிடாமல் அளந்தால் நல்ல சல்லியும் பித்தளை போலத் தெரியும்.

இவற்றைச் செப்புக் கட்டியிலிருந்து கையால் வெட்டி அடித்தார்கள். அதனால் எடை சல்லிக்குச் சல்லி மாறும், விளிம்பும் ஒன்றுபோல் இராது. விற்கிறவரிடம் ஒரே வெட்டு, ஒரே கீறலோடு இரண்டு சல்லி இருந்தால் இரண்டும் வார்ப்பு.

இனி விற்றவர் சொன்ன கதை. “கோட்டைப் பக்கம் அத்திவாரம் வெட்டக்குள்ள வந்த சாமான் தம்பி” என்றுதான் விற்றிருக்கிறார். கதை பொய்யென்றால் சல்லி சந்தேகம். மெய்யென்றால் இன்னும் வில்லங்கம்: 1940ஆம் ஆண்டு தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து எடுத்த தொல்பொருள் அரசுக்குரியது. அனுமதியில்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது, வெளிநாட்டில் இருந்துகொண்டு வாங்கித் தரச் சொல்கிறவர்கள் கவனிக்க.

காசு அனுப்புமுன் விளிம்பின் படமும், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த வீடியோவும் கேளுங்கள். இந்த ஆள் அனுப்பியது நேராக ஃப்ளாஷ் அடித்த படம் மட்டும், அதில் பள்ளம் தெரியாது.

கடைசியில் விற்றவர் அரைவாசிக் காசைத் திருப்பிக் கொடுத்துச் சல்லியை வாங்கிக்கொண்டார். அதனால் அது மறுபடி சுற்றும். அடையாளம்: ஆண்டின் கடைசி இலக்கம் தேய்ந்திருக்கும், முத்திரைப் பக்கத்தில் கடிகார ஏழு மணி இடத்து விளிம்பில் ஒரு ஆழமான வெட்டு, ‘ரி’யின் குறுக்குக்கோடு வலப்பக்கம் நீண்டு லேசாகச் சரிந்திருக்கும்.