ஏரிச் சேற்றில் இரண்டு வருடம்: ஒரு போஸ்ட்டாக் வேலைக்கு என் மதிப்பெண்

வேலை இதுதான்: போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி. ஏரி வண்டல் ஆராய்ச்சி, கூடவே இளநிலை மாணவர்களுக்குப் பாடம். இரண்டு வருட ஒப்பந்தம். போன மாதம்தான் முடித்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே எனக்கு இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்.

முதலில் நல்லது. நான் சேர்ந்தபோதே அவர்களுடைய குளிர் அறையில், 4 டிகிரியில், பழைய ப்ராஜெக்ட்டுகளில் எடுத்த கோர்கள் (ஏரியடியில் குழாயை இறக்கி அப்படியே எடுத்த சேற்றுத் தண்டுகள்) வரிசையாக அடுக்கியிருந்தன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? படகு, அனுமதி, வானிலை என்று முதல் வருடத்தைத் தொலைக்காமல் இரண்டாவது வாரமே ஒரு குழாயைத் திறந்துவிட்டேன்.

கோர் திறக்கும் நாளுக்காகவே இந்த வேலையைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் குழாயை இரண்டு பக்கமும் நீளவாக்கில் அறுத்து, நடுவே மெல்லிய கம்பியை இழுத்தால் மூங்கிலைப் பிளந்த மாதிரி இரண்டாகும். ஒரு பாதி ஆவணத்துக்கு, மறு பாதி நமக்கு. மேற்பரப்பைக் குறுக்காகத்தான் வழிக்க வேண்டும். மேலிருந்து கீழே இழுத்தால் நேற்றைய சேறு ஆயிரம் வருடத்துச் சேற்றின் மேல் பூசிக்கொள்ளும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், கரிய பட்டைகள் பளிச்சென்று தெரியும். என் முதல் கோரில், போட்டோ அப்புறம் எடுக்கலாம் என்று ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டு வந்தேன். பட்டைகளில் பாதி பழுப்பேறிவிட்டன. இரும்பு சல்ஃபைடு காற்று பட்டதும் ஆக்ஸிஜனேற்றம் அடையும் என்று வகுப்பில் சொல்லித்தருகிறவன்தான் நான்!

இனி, ஒரு முழு மதிப்பெண்ணை எங்கே குறைத்தேன் என்பது. சேற்றின் ஒவ்வொரு அடுக்குக்குமான வயது கணிப்பு. ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தின் அரை ஆயுள் சுமார் 22 வருடம், அதனால் கடைசி நூறு, நூற்றைம்பது வருடத்துக்குத்தான் அது உதவும். அணுகுண்டுச் சோதனைகள் விட்டுப்போன சீசியம்-137 உச்சம் 1963 வாக்கில் ஒரு குறி வைத்துக் கொடுக்கும். அதற்குக் கீழே எல்லாம் ரேடியோ கார்பன்தான் (உயிர்ப்பொருளில் மிச்சமிருக்கும் கதிரியக்க கார்பனை அளந்து வயது சொல்வது). எங்கள் ஏரியோ சுண்ணாம்புக்கல் பகுதியில் இருந்தது. நீர்த்தாவரங்கள் பாறையிலிருந்து கரைந்த பழைய கார்பனையும் சேர்த்து உறிஞ்சுவதால் சேற்றை மொத்தமாக அனுப்பினால் வயது கூடுதலாக வரும். கரையில் இருந்து விழுந்த இலைத் துணுக்கு வேண்டும். சல்லடையில் கழுவிக் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் நகக்கண் அளவு இலைக்காக ஆறு வாரம் உட்கார்ந்தேன். வெளி லேப்புக்கு அனுப்பிய சாம்பிள்களுக்கு முடிவு வர ஏழு மாதம். வந்ததில் ஒன்று, மேலே இருப்பது கீழே இருப்பதைவிடப் பழையது என்றது. மறுபடி அனுப்பு, மறுபடி காத்திரு. 24 மாத ஒப்பந்தத்தில் இதெல்லாம் கட்டுப்படியாகாது.

மீதி அரை மதிப்பெண் போனது பாடத்தில். 'கற்பித்தலில் உதவி' என்று போட்டிருந்தார்கள். பொறுப்பாசிரியர் விடுப்பில் போனதும் முழுப் பாடத்திட்டமும் என் தலையில். ஆனால் பாடம் நடத்தியதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எரித்து எடை பார்க்கும் செய்முறையில் (550 டிகிரி, நான்கு மணி நேரம், கரிமப் பொருள் எரிந்து போகும்) மாணவர்கள் பீங்கான் மூசைகளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணங்கள்) சாதாரண மார்க்கரால் எண் எழுதிவிட்டார்கள். உலையைத் திறந்தால் பன்னிரண்டு மூசைகளிலும் எண் இல்லை. சேற்றோடு சேர்ந்து மையும் எரிந்துவிட்டது. நான் தலையில் கை வைக்க, ஒரு பெண் சொன்னாள்: "சார், சாம்பலோட எடை போட்டுட்டு, கொட்டிட்டு, காலி மூசைய எடை போடுவோம். முதல் நாள் எடுத்த காலி எடைதான் நோட்டுல இருக்கே." பன்னிரண்டும் பொருந்தின.

கனடாவின் கிராஃபோர்டு ஏரியைப் பற்றிய வகுப்பும் அப்படித்தான். மனித யுகத்தின் (ஆந்த்ரோபோசீன், மனிதன் பூமியையே மாற்றிய புவியியல் காலம்) தொடக்கத்துக்கு அடையாளமாக அதன் வண்டலை 2023-இல் ஒரு பணிக்குழு தேர்ந்தெடுத்தது, 2024 மார்ச்சில் அந்த முன்மொழிவே வாக்கெடுப்பில் தோற்றது. "அப்ப அந்த சேறு பொய்யா சார்?" என்று ஒருவன் கேட்டான். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

நேர்காணலில் கேட்க வேண்டியவை: குளிர் அறையில் இப்போதே கோர் இருக்கிறதா? வயது கணிப்புக்குத் தனி நிதி உண்டா, எந்த லேப்பில் வரிசையில் நிற்க வேண்டும்? பாடம் யாருடையது, அவர் விடுப்பில் போனால்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் முதலாவதை மட்டும்தான் கேட்டேன்.

என் கடைசி வயது முடிவு, ஒப்பந்தம் முடிந்து நான்காவது நாள் மெயிலில் வந்தது.