தன்னெதிர்ப்பு மூளையழற்சி: மனநலப் பிரிவில் எந்தச் சோதனை, எந்தச் சிகிச்சை முதலில்?

இருபது வயதுப் பெண். இதற்கு முன் மனநோய் இருந்ததில்லை. ஒரு வாரம் காய்ச்சலும் தலைவலியும். பிறகு தூக்கம் போனது, சந்தேகமும் குரல்களும் வந்தன, பேச்சு குறைந்துகொண்டே போனது. மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் போட்ட மறுநாள் உடம்பு விறைத்தது. இதை மருந்தின் பக்கவிளைவு என்று மட்டும் எழுதி வைப்பதுதான் பெரிய ஆபத்து. மூன்று மாதத்துக்குள் வேகமாக ஏறிய மனநோயோடு வலிப்பு, வாய் கோணும் அசைவுகள், கேடடோனியா (பேசாமல், அசையாமல் உறைந்துபோவது), நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாவது, மனநோய் மருந்தைத் தாங்காதது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சியை, அதாவது உடலின் ஆன்டிபாடிகளே (எதிர்ப்புப் புரதங்கள்) மூளை நரம்பணுக்களின் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயை, நினைத்தாக வேண்டும். ஜோசப் டால்மாவின் குழு 2007-இல் இதை அடையாளம் காட்டியது.

ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடுவதா, தண்டுவட நீரிலா? ரத்தம் எடுப்பது எளிது. அதனாலேயே பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2014-இல் வெளியான 250 நோயாளிகளின் ஆய்வில் தண்டுவட நீர் எல்லோரிடமும் பாசிட்டிவ், ரத்தம் 85.6 சதவீதத்தினரிடம் மட்டுமே. ஏறத்தாழ ஏழில் ஒருவர் ரத்தச் சோதனையில் தப்பிவிடுவார். எல்ஜிஐ1 என்ற வேறொரு புரதத்தைத் தாக்கும் வகையில் நிலைமை தலைகீழ், அங்கே ரத்தம்தான் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில், ஐவிஐஜி (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றும் முன்பே எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்த ரத்தத்தில் தானம் தந்தவர்களின் ஆன்டிபாடியும் கலந்திருக்கும். ரத்தத்தில் ஐஜிஎம், ஐஜிஏ வகை ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்றால் அதை வைத்து இந்த நோயென்று முடிவு கட்டக் கூடாது, ஐஜிஜி வகை வேண்டும்.

எம்ஆர்ஐ பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இயல்பாகவே இருக்கும், அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். செலவு குறைந்த இஇஜி-யோ (மூளை மின்னலைப் பதிவு) பெரும்பாலானவர்களிடம் மாறியிருக்கும்.

ஹெர்பிஸ் வைரஸும் மூளையழற்சி தரும் என்பதால், அதற்கான பிசிஆர் (வைரஸ் மரபணுச் சோதனை) முடிவு வரும்வரை வைரஸ் மருந்தான அசைக்ளோவிர் கிலோவுக்கு 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் மூன்று நாளில் எடுத்த பிசிஆர் நெகடிவாக வரக்கூடும் என்பதால் சந்தேகம் நீடித்தால் திரும்பச் செய்ய வேண்டும்.

இனி முதல்கட்டச் சிகிச்சைகள் மூன்று. முதலாவது மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 1 கிராம், 3 முதல் 5 நாள். சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், வேகமாகத் தள்ளினால் இதயத் துடிப்பு பிசகும். மூன்றிலும் மலிவு இதுதான். ஆனால் இதுவே தூக்கத்தைக் கெடுத்து மனக்குழப்பத்தைக் கூட்டலாம். நோய் முற்றுகிறதா, மருந்தின் வேலையா என்று பிரிப்பது கடினம். சர்க்கரை, பொட்டாசியம் பார்க்க வேண்டும், காசநோயும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். இரண்டாவதான ஐவிஐஜி மனத்தைக் கலக்காது. நாளுக்குக் கிலோவுக்கு 0.4 கிராம், ஐந்து நாள். 50 கிலோ எடைக்கு மொத்தம் 100 கிராம். விலைதான் குடும்பத்தை உடைக்கிறது. வேகம் கூடினால் தலைவலி. நீர்ச்சத்து குறைந்திருந்தால் சிறுநீரகமும் ரத்த உறைவும் கவலை தரும். சாப்பிடாமல், குடிக்காமல் படுத்திருக்கும் கேடடோனியா நோயாளிக்கு இது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல.

மூன்றாவது பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் திரவப் பகுதியை வடித்து மாற்றுவது): ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முதல் ஏழு முறை. கழுத்திலோ தொடையிலோ பெரிய குழாய். நிலைகொள்ளாதவர் அதைப் பிடுங்கிவிடுவார். ஏற்கெனவே ரத்த அழுத்தம் தள்ளாடுபவருக்கு அது மேலும் சரியும். ஐவிஐஜி முடிந்த கையோடு செய்தால் ஏற்றிய மருந்தையே வெளியேற்றிவிடும். அதனால் மனநலப் பிரிவுக்கு இது முதல் தேர்வாகாது; தீவிர சிகிச்சைப் பிரிவில், மயக்கம் கொடுத்துக் கண்காணிக்கும் நிலையில் உகந்தது. வசதி இருந்தால் ஸ்டீராய்டும் ஐவிஐஜி-யும் சேர்த்தே தொடங்குவதுதான் எங்கள் பரிந்துரை.

இரண்டு வாரமாகியும் முன்னேற்றமில்லை என்றால் காத்திருக்காதீர்கள். இரண்டாம்கட்ட மருந்துகளான ரிடுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு இரண்டில் இளம்பெண்ணுக்கு முன்னதே மேல். பின்னது கருமுட்டையையும் சிறுநீர்ப்பையையும் தாக்கும். ரிடுக்சிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். அளவு, உடல் பரப்பில் ச.மீட்டருக்கு 375 மி.கி., வாரம் ஒருமுறை, நான்கு வாரம். கூடவே சினைப்பையை ஸ்கேன் செய்யுங்கள். இந்த ஆன்டிபாடியைத் தூண்டக்கூடிய டெரட்டோமா என்ற சினைப்பைக் கட்டி உள்ளே இருக்கும்வரை மருந்து தடுமாறும்.

கேடடோனியாவுக்கு ஹாலோபெரிடாலா, லோராசெபாமா என்றால் தயங்காமல் லோராசெபாம். 1–2 மி.கி. நரம்பில் போட்டு, மூச்சைக் கவனித்தபடி பத்து நிமிடத்தில் மாற்றம் பாருங்கள். படிப்படியாக உயர்த்தியும் போதவில்லை என்றால் மின்னதிர்ச்சிச் சிகிச்சை உண்டு. மனநோய் மருந்து தவிர்க்கவே முடியாதபோது குவெட்டியாபைன் போன்றதைச் சிறிய அளவில், சிகே (தசைச் சிதைவைக் காட்டும் ரத்த நொதி) அளவைப் பார்த்துக்கொண்டே கொடுங்கள்.

2013-இல் வெளியான 577 பேர் ஆய்வில், முதல்கட்டச் சிகிச்சை பெற்றவர்களில் 53 சதவீதத்தினர் நான்கு வாரத்தில் தேறத் தொடங்கினர். 24 மாதத்தில் 81 சதவீதத்தினர் நல்ல நிலையில் இருந்தனர். இரண்டாண்டுக்குள் 12 சதவீதத்தினருக்குத் திரும்பவும் வந்தது. முதல்முறைபோல எல்லாக் குறிகளோடும் அது வராது. வெறும் தூக்கமின்மையும் எரிச்சலுமாக வரலாம். வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்தாரிடம் இதைச் சொல்லி, டிஸ்சார்ஜ் தாளில் எழுதிக் கொடுங்கள்.