பாலக்கா, பசலையா? அடுக்குமாடி வீட்டுக்கு எது சரிவரும்

குளிர்நாட்டுத் தோட்டக் காணொளிகளைப் பார்த்துவிட்டு லெட்டூஸ், பாலக், கேரட் விதைகளை ஆசையாக வாங்குபவர்கள் சிங்கப்பூரில் நிறைய. அதற்கப்புறம் மூன்று வழிகள் உண்டு. தாழ்வாரத் தொட்டியில் அப்படியே விதைக்கலாம். வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் ஊட்டச்சத்து நீரில் வளர்க்கலாம். இல்லையென்றால் நம் வெயிலுக்குப் பழகிய கீரைக்கே போய்விடலாம். நான் மூன்றாவது கட்சி, காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் வழியில் இடிப்பது இரவு. பகல் வெயிலை நிழல்வலை கட்டிக் குறைத்துவிடலாம். ராத்திரியும் 25 டிகிரியை ஒட்டியே நிற்பதை என்ன செய்வது? மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து நமக்கு முட்டைக்கோஸ் வருகிறதென்றால், அங்கே இரவு நன்றாகக் குளிர்வதுதான் காரணம். லெட்டூஸ் விதை 30 டிகிரி சூட்டில் பெரும்பாலும் முளைக்காது. ஈர டிஷ்யூவில் மடித்து இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் முளை விடும். ஆனால் வளர்ந்தபின் நடுத்தண்டு மளமளவென்று உயரும். அப்போது ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள்: காம்பில் வெள்ளையாகப் பால் கசியும், வாயில் வைத்தால் கசக்கும். செடி பூக்கத் தயாராகிவிட்டது. அதற்கு முன்பே இளசாகப் பறித்தால் சாலட்டுக்கு ஆகும், அவ்வளவுதான். காலிஃபிளவர், கேரட் எல்லாம் தொட்டியில் வேண்டாம்.

எல்இடி வழி வேலை செய்கிறது, மறுக்க முடியாது. பூச்சித் தொல்லை குறைவு. மழையும் வெயிலும் பொருட்டில்லை. விளக்கு தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரிய வேண்டும், நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். குளிரூட்டி இல்லாத அறையில்தான் சிக்கல்: நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று அழுகும். வெள்ளையான வேர்தான் ஆரோக்கியமான வேர். வாரம் ஒரு முறையாவது தூக்கிப் பார்க்க வேண்டும். லெட்டூஸ் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இது சரி. இரண்டு பிடி இலைக்காக மின்கட்டணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கீரைக்கு வருவோம். தண்டுக்கீரை விதை பொடி போல இருக்கும். மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். நாலு வாரத்தில் பறிக்கலாம். வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு மூன்று கணு விட்டு நறுக்கினால் மறுபடி தழைக்கும். கங்கோங் என்கிற வள்ளைக்கீரை இன்னும் சுலபம்: சந்தையில் வாங்கிய தண்டையே தண்ணீரில் நிறுத்தினால் வேர் விட்டுவிடும். பாலக்குக்கு மாற்றாக நான் சொல்வது கொடிப்பசலை. ஒரு முழத் தண்டை ஈரமண்ணில் ஊன்றிக் கம்பியில் ஏற்றினால் போதும். பறிக்கப் பறிக்கப் பக்கக் கிளை விடும். இலை சற்று வழவழப்பு, அதனால் பருப்புக் கூட்டுக்கு அருமை, பன்னீரோடு சேராது. பன்னீருக்கு முளைக்கீரையை மசித்துப் பாருங்கள், பாலக்கைத் தேடமாட்டீர்கள்.

தாழ்வாரத்துக்கென்று சில விதிகள் உண்டு. நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தொட்டிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கி கொசுவுக்கு அது போதும். வெயிலும் ஆண்டு முழுக்க ஒரே பக்கம் விழாது: நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் ஜூன் வாக்கில் வடக்குப் பார்த்த தாழ்வாரத்திலும் டிசம்பர் வாக்கில் தெற்குப் பார்த்ததிலும் வெயில் எட்டும். கீரைக்கு நாலு மணி நேர நேர்வெயில் கிடைத்தால் நல்லது. மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

வெயிலே எட்டாத வீடென்றால், தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் தரும் பாத்திக்கு விண்ணப்பிக்கலாம். 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மூன்றாண்டுக் குத்தகை. போட்டி அதிகம், குலுக்கலில் பெயர் வர வேண்டும். கிடைத்தால் அங்கே கீரையோடு நிறுத்திவிடாமல் வெண்டையும் கத்தரியும் போடுங்கள். முழு வெயில் கேட்கும் காய்களுக்குத் தாழ்வாரம் போதாது, அந்தப் பாத்தி போதும்.