பாலிகார்பனேட், ‘பி.பி.ஏ. இல்லாத’ பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி: எதில் எவ்வளவு கசிவு?

பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் வேதிப்பொருளான பிஸ்பீனால் ஏ (சுருக்கமாக பி.பி.ஏ.) உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலச் செயல்படும் என்பதை 1936-லேயே பிரிட்டன் விஞ்ஞானி சார்லஸ் டாட்ஸ் காட்டிவிட்டார். அதை மூலப்பொருளாகக் கொண்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் உருவானது 1953-இல். அடைத்து விற்கப்படும் தகர உணவு டப்பாக்களின் உட்புறத்தில் பூசப்படும் எப்பாக்சி என்ற பிசினும் அதே மூலப்பொருளிலிருந்து வருவதுதான். ஆகவே ஒரு பாத்திரத்தை எடைபோடும்போது வெளியே என்ன தெரிகிறது என்பதைவிட உணவைத் தொடும் பரப்பு எது, அதன்மீது எவ்வளவு சூடு படுகிறது என்ற இரண்டு கேள்விகளே முக்கியமானவை.

தண்ணீர்ப் பாட்டில்கள்மீதே பலருக்கும் சந்தேகம். அளவீடுகளோ வேறு கதை சொல்கின்றன. அமெரிக்காவில் ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானம் அருந்திய மாணவர்களின் சிறுநீரில் பி.பி.ஏ. அளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்தது. 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஐந்து நாள் டப்பா சூப் குடித்தவர்களுக்கு அதே அளவு, புதிதாகச் சமைத்த சூப் குடித்தபோது இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் எகிறியது. டப்பா உணவு மூடிய பின் உயர் வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, மாதக்கணக்கில் பூச்சோடு ஒட்டியே கிடக்கிறது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. பாட்டிலை மாற்றிவிட்டு டப்பா உணவை அப்படியே தொடர்பவர், பெரிய ஓட்டையை விட்டுவிட்டுச் சிறியதை அடைக்கிறார்.

அதற்காகப் பாலிகார்பனேட்டுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. கொதிநீர் பட்டால் அதிலிருந்து பி.பி.ஏ. வெளியேறும் வேகம், சாதாரண வெப்பநிலையில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுகிறது. காரமான சலவைப் பொருள்களும் அதை அரிக்கின்றன. 1998-இல் பாட்ரிசியா ஹண்ட் என்பவரின் ஆய்வகத்தில், தவறான சோப்பால் கழுவப்பட்ட பாலிகார்பனேட் கூண்டுகளில் வளர்ந்த எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறுகள் திடீரென அதிகரித்தது அப்படித்தான்.

‘பி.பி.ஏ. இல்லை’ என்ற முத்திரை ஒரே பொருளைக் குறிப்பதன்று. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் பிஸ்பீனால் எதுவுமே இல்லை. ஆனால் அதில் செய்த பால்புட்டியில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கினால் நுண்பிளாஸ்டிக் துகள்கள் ஏராளமாக உதிர்வது 2020-இல் தெரியவந்தது. வேறு சில பொருள்களிலோ பி.பி.ஏ.வின் இடத்தில் அதன் உறவினரான பிஸ்பீனால் எஸ் அமர்ந்துகொண்டது. ஹார்மோன்மீதான அதன் செயல்பாடும் பெரிதாக வேறுபடவில்லை. பில் அச்சிடும் வெப்பக் காகிதத்தில் பி.பி.ஏ. 0.02 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் வரம்பிட்டபோதும் நடந்தது இதே இடமாற்றம்தான்.

உலோகத்தில் ஒரு நுட்பம் உண்டு. எவர்சில்வருக்கு உட்பூச்சு தேவையில்லை. அலுமினியப் பாட்டிலுக்குத் தேவை, சில தயாரிப்புகளில் அது எப்பாக்சியாக இருந்திருக்கிறது. கண்ணாடி எதையும் கசியவிடாது, அதன் தகர மூடியின் உட்பூச்சைத் தவிர. என் கணிப்பில் சூடான உணவுக்கு எவர்சில்வரோ கண்ணாடியோதான். எடையும் உடையும் அச்சமும் கண்ணாடிக்குரிய தொல்லைகள்.

இவ்வளவு கவனம் தேவைதானா என்பதில் நிபுணர்களுக்கே ஒருமித்த கருத்தில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் நோயெதிர்ப்பு மண்டலத்தின்மீதான விளைவைக் காட்டி, நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவை உடல் எடையில் கிலோவுக்கு 0.2 நானோகிராமாகக் குறைத்தது. 2015-இல் அதுவே வகுத்த வரம்பில் இது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அதே 2023-இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமோ, கிலோவுக்கு 200 நானோகிராம் வரை ஏற்கலாம் என்றது. நீரிழிவு, இதயநோய், கருவுறுதல் சிக்கல்களோடு பி.பி.ஏ.வுக்குத் தொடர்பு காட்டும் மனித ஆய்வுகள் பல இருந்தாலும், அது சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறிவிடுவதால், ஒருமுறை எடுத்த மாதிரியை வைத்து ஆண்டுக்கணக்கான பாதிப்பை அளப்பது சிரமம். பச்சிளங்குழந்தைகளைப் பொறுத்தவரை தயக்கத்துக்கு இடமில்லை: பி.பி.ஏ.வைச் செயலிழக்கச் செய்யும் கல்லீரல் திறன் அவர்களுக்கு இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் பாலிகார்பனேட் பால்புட்டிகளை 2011-லேயே தடைசெய்தது. உணவைத் தொடும் மற்றப் பொருள்களில் பி.பி.ஏ.வுக்கான தடை, அவகாசக் காலத்துடன், 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.