விறுவிறுப்பான தமிழ்ப் புத்தகங்கள்: கொழும்பில் எதை வாங்கலாம், எந்தப் பதிப்பில்?

"ஒரே மூச்சில வாசிச்சு முடிக்கிற மாதிரி ஒரு புத்தகம் தாங்கோ" என்று வெள்ளவத்தையிலோ செட்டியார் தெருவிலோ கேட்டால், கடைக்காரரின் கை முதலில் பொன்னியின் செல்வனுக்குத்தான் போகும். தேர்வு சரிதான். எந்தப் பதிப்பை எடுத்துத் தருகிறார் என்பதில்தான் கவனம் வேண்டும். கல்கியின் எழுத்துகள் 1999 இல் நாட்டுடைமை ஆனபிறகு யாரும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. அதனால் ஒரே நாவல் பல அட்டைகளில், பல தரங்களில் கிடைக்கிறது.

முதலில் கதையின் இழுவையைப் பார்ப்போம். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த நாவல் இது. அடுத்த இதழ் வரும்வரை வாசகர் மனதில் ஒரு முடிச்சு கிடக்க வேண்டும் என்ற கட்டாயம் அதன் எலும்புவரை ஊறியிருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனிடம் இரண்டு ஓலைகள் உள்ளன. ஒன்று சோழச் சக்கரவர்த்திக்கு, மற்றது அவர் மகள் குந்தவைக்கு. வாயைக் கட்டத் தெரியாத இளைஞன் கையில் அரசாங்க ரகசியம்! இந்த ஒரு ஏற்பாடே கதையை நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு போகிறது. ஆரம்ப அத்தியாயங்களிலேயே ஒரு மூடுபல்லக்கு நம்மைக் கடந்து போகிறது. திரை விலகி ஒரு பெண்ணின் கை தெரிகிறது. அன்றிரவு கடம்பூர் மாளிகையில் நடுநிசிக் கூட்டம். எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பே 'பல்லக்கில் யார்?' என்பதுதான். விடை தெரிந்துவிட்டது என்று நாம் நினைத்திருக்கும் கேள்வியை மறுபடி கேட்டு, அதே திரையை மறுபடி விலக்கிக் காட்டுகிறார் கல்கி. இறங்குவது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. படம் பார்த்துவிட்டவர்களும் அந்தப் பக்கங்களை எழுத்தில் வாசிக்க வேண்டும்.

இலங்கை வாசகருக்கு இரண்டாம் பாகத்தில் தனிச் சுவை உண்டு. கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் கடல் தாண்டி, மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம் என்று நமக்குப் பழகிய பெயர்களுக்குள்ளே கதை நடக்கிறது. குறையும் இருக்கிறது. மூன்றாம் நான்காம் பாகங்களில் ஒரே செய்தியைப் பல பாத்திரங்கள் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை வாசித்தவருக்கு அது நினைவூட்டல். ஒரே இருப்பில் வாசிப்பவருக்குச் சலிப்பு. பாதியில் விட்டவர்களில் அநேகர் அங்கேதான் விட்டிருப்பார்கள். தாண்டிப் போனால் ஐந்தாம் பாகம் முழுப் பலத்தோடு காத்திருக்கிறது.

இனிப் பதிப்பு. ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள் இருக்க வேண்டும், மொத்தம் 293. கடையிலேயே ஒவ்வொரு பாகத்தின் கடைசி அத்தியாய எண்ணைப் பாருங்கள். குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. ஐந்தாம் பாகத்தின் இறுதியில் கல்கி எழுதிய முடிவுரையும் இருக்க வேண்டும். வாசகர் மனதில் தொங்கி நிற்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வது அங்கேதான்.

அடுத்தது கட்டு. புத்தகத்தை லேசாகத் திறந்து, முதுகின் மேல்விளிம்பை மேலிருந்து பாருங்கள். மடித்த தாள்கள் சிறு சிறு கட்டுகளாகத் தெரிந்து, நடுவில் நூல் ஓடினால் அது தையல் கட்டு. வெட்டிய தாள்கள் தட்டையாகப் பசையில் நின்றால் ஒட்டுக் கட்டு. மெல்லிய நாவலுக்கு ஒட்டு போதும். 91 அத்தியாயம் கொண்ட ஐந்தாம் பாகத்துக்கும், எல்லாப் பாகங்களையும் ஒரே தடித்த நூலாக்கிய பதிப்புக்கும் போதாது. விரித்து வைத்து வாசித்தால் நடு முதுகு வெடித்து, தாள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும். தையல் கட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நட்டமில்லை.

மூன்றாவது, ஃபாரம் விடுபடுதல். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சடித்து மடித்து அடுக்கும்போது, ஒன்று தவறலாம், அல்லது ஒன்றே இரண்டு முறை சேர்ந்துவிடலாம். 16, 32, 48 என்று அந்த இடங்களில் பக்க எண் தொடர்கிறதா என்று விரலால் ஓட்டிப் பாருங்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு நிமிடம் போதும். வீட்டுக்குக் கொண்டுபோனபிறகு, சதி நடக்கும் இடத்தில் 16 பக்கம் இல்லை என்றால் மாற்றித் தரும் கடைகள் குறைவு.

சரித்திரக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு சுஜாதாவின் என் இனிய இயந்திரா. வேறு வகையான விறுவிறுப்பு இது. நிலா என்ற பெண், காணாமல் போகும் கணவன் சிபி, ஜீவா என்ற சர்வாதிகாரி, எல்லோருக்கும் மேலாக ஜீனோ என்ற இயந்திர நாய். கதை நடக்கும் காலம் 2021. அந்த ஆண்டைத் தாண்டி வந்தபிறகும் நாவல் பழசாகவில்லை. காரணம், அவர் எதிர்கால இயந்திரங்களை விளக்கிக்கொண்டு நிற்பதில்லை. பாத்திரங்கள் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டே நடக்கிறார்கள், நாம்தான் ஓடிப் பிடிக்க வேண்டும். குட்டி வாக்கியங்கள், பாதியில் வெட்டும் உரையாடல். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதல் தமிழ் நாவலாகக் கொடுக்க இதைவிட நல்லதை நான் சொல்லமாட்டேன். வாங்கினால் மீண்டும் ஜீனோவையும் சேர்த்து வாங்குங்கள். தொடர்ச்சி அது.

நேரமில்லாதவர்களுக்குச் சிறுகதை. ஜெயமோகனின் அறம் தொகுப்பில் உள்ளவை உண்மை மனிதர்களை அடியொற்றிய கதைகள். சோற்றுக்கணக்கு கதையை மட்டும் கடையில் நின்று புரட்டிப் பாருங்கள். கெத்தேல் சாகிபின் சாப்பாட்டுக் கடையில் விலையே கிடையாது. சாப்பிட்டவர் விரும்பியதை உண்டியலில் போடலாம், போடாமலும் போகலாம். அவர் பார்ப்பதில்லை. அந்தக் கனத்த கை, பசித்த மாணவனின் இலையில் மீனை அள்ளி வைக்கும் இடத்தில் கொலையும் இல்லை, துப்பறிவும் இல்லை. ஆனாலும் நெஞ்சு அடைக்கிறது. 'இந்தக் கடனை இவன் எப்படித் தீர்ப்பான்' என்ற ஒரே கேள்வியில் கதை நிற்கிறது. அதே நூலில் யானை டாக்டரும் இருக்கிறது. காட்டுக்குச் சுற்றுலா போய்ப் போத்தல் உடைப்பவர்களுக்கு அதை வாசிக்கக் கொடுக்கலாம்.

நம் நாட்டு எழுத்தில் விறுவிறுப்பு இல்லை என்று சொல்பவர்கள் செங்கை ஆழியானை எடுத்துப் பார்க்க வேண்டும். வாடைக்காற்று நெடுந்தீவுக் கதை. பருவத்துக்கு வந்து வாடி போடும் மீனவர்களும் தீவுச் சனமும் ஒரே கரையில் உரசிக்கொள்ளும்போது காதலும் பகையும் காற்றோடு சேர்ந்தே ஏறுகின்றன. 1978 இல் படமாகவும் வந்தது. சிரிக்க வேண்டுமென்றால் அவருடைய ஆச்சி பயணம் போகிறாள். இலங்கைப் பதிப்புகளின் சிக்கல் கையிருப்புத்தான். குறைந்த பிரதிகள் அச்சாகி, தீர்ந்தால் மறுபதிப்புக்கு நெடுநாள் பார்த்திருக்க வேண்டும். கண்டால் அப்போதே எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடலாம், அல்லது 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்கலாம்.

குடும்ப நாவல்களைக் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ரமணிசந்திரன் நாவல் எப்படி முடியும் என்பது வாசிப்பவருக்கு முதலே தெரியும். நாயகனுக்கும் நாயகிக்கும் இடையிலான மனஸ்தாபம் எப்படித் தீரும் என்பதற்காகத்தான் பக்கம் புரள்கிறது. இவற்றை இரவல் வாங்கி வாசிப்பதே இலாபம். ராஜேஷ்குமாரின் பொக்கற் நாவல்களுக்கும் அப்படியே. சாணித் தாள் சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

தன்னம்பிக்கை மொழிபெயர்ப்புகளை வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசியுங்கள். மூன்று வரிக்குள் மூச்சு இடறினால் வைத்துவிடுங்கள்.

விலை பற்றி ஒரு சொல். இந்தியப் பதிப்பின் பின்னட்டையில் இருப்பது இந்திய ரூபா. அதை எத்தனையால் பெருக்குகிறார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். 2022 இல் நம் ரூபா விழுந்தபிறகு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. பெருக்கும் எண்ணை முதலில் கேளுங்கள், பிறகு கழிவைக் கேளுங்கள். அதிகம் பெருக்கிவிட்டுப் பத்து வீதம் கழிவு தருவதில் உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போனால், வார நாளில் காலையிலேயே போங்கள். சனக்கூட்டத்தில் ஃபாரம் எண்ணிப் பார்க்க முடியாது.

கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடியில் இருப்பவர்கள் அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பின்வரிசை பூஞ்சணம் பிடிக்கும். தடித்த ஒட்டுக் கட்டுப் புத்தகங்களை நிமிர்த்தி வைத்தால் உள்தாள்களின் பாரம் முதுகை இழுக்கும். அவற்றைப் படுக்கையாக, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேற்படாமல் அடுக்குங்கள்.