பாதி வீடும் கூடுதல் அறையும்: இக்கிக்கே, போர்தோ ஓர் ஒப்பீடு

வருவாய் குறைந்த குடும்பத்தின் வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது, அதற்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விகளுக்கு, சிலியின் இக்கிக்கே நகரமும் பிரான்சின் போர்தோ நகரமும் வெவ்வேறு விடைகளைக் கட்டியே காட்டியிருக்கின்றன.

இக்கிக்கேயின் நடுவே, அரை ஹெக்டேர் நிலத்தில் முப்பது ஆண்டுகளாகக் குடிசை போட்டிருந்த ஏறத்தாழ 100 குடும்பங்களுக்கு, கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலமெண்டல் குழு 2004இல் கின்டா மோன்ராய் குடியிருப்பைக் கட்டிக்கொடுத்தது. குடும்பத்துக்குக் கிடைத்த மானியம் 7,500 டாலர்; நிலத்தின் விலையும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே குழுவினர் முழுமையான சிறிய வீட்டுக்குப் பதிலாக நல்ல வீடு ஒன்றின் பாதியைக் கட்டினார்கள். சமையலறை, குளியலறை, மாடிப்படி, வீடுகளுக்கு இடையிலான சுவர் ஆகிய, வீட்டார் தாமாகச் செய்துகொள்வதற்குக் கடினமான பகுதிகள் பொதுப்பணத்தில் எழுந்தன. மீதி இடம் வெறுமையாக விடப்பட்டது. ஒட்டுப்பலகையால் அடைப்பதா, செங்கல் வைப்பதா, சன்னல் எங்கே என்பதெல்லாம் குடியிருப்பவரின் விருப்பம்.

போர்தோவின் கிராண்ட் பார்க் குடியிருப்புப் பகுதியில் இருந்தவை 1960களின் அடுக்குமாடிகள். மூன்று கட்டடங்களில் 530 வீடுகள். ஆன் லகாத்தோன், ஜான் ஃபிலிப் வசால், ஃப்ரெதெரிக் ட்ரூயோ, க்ரிஸ்தோஃப் ஊத்தான் ஆகிய கட்டடக் கலைஞர்கள் அவற்றை இடிக்காமல், முகப்பில் 3.8 மீட்டர் ஆழத்துக்கு ஒளி ஊடுருவும் அடைப்புடன் கூடிய அறையை ஒட்டினார்கள். முன்வார்ப்பு கான்கிரீட் தளத்தை ஏற்றி நிறுத்த அரை நாள், பழைய முகப்பை வெட்டி எடுக்க இரண்டு நாள், புதிய முகப்பைப் பொருத்த இரண்டு நாள், பிறகு உள்வேலை. ஒரு வீட்டுக்கு மொத்தம் 12 முதல் 16 நாள். வேலை நடந்தபோதும் குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்தன. சிறிய சன்னல் இருந்த இடத்தில் நகரும் கண்ணாடிக் கதவு வந்தது. அதற்கு அப்பால் உள்ள அறைக்கு இன்ன பயன் என்று யாரும் விதிக்கவில்லை. துணி உலர்த்தலாம், மேசை போட்டுச் சாப்பிடலாம், செடி வளர்க்கலாம்.

பணத்தை வைத்துப் பார்த்தால் போர்தோவே நியாயமானது; அங்கே கூடுதல் அறையைக் கட்டும் செலவு குடியிருப்பவர் தலையில் விழவில்லை. இக்கிக்கேயில் வீட்டிலேயே கொத்தனாரோ தச்சரோ இருப்பவருக்கு அடுத்த அறை விரைவில் எழும். முதியவர் மட்டும் வாழும் வீட்டில் அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே நீடிக்கலாம். விருப்பத்தைக் கொடுத்துவிட்டுச் செலவையும் அவர்கள் தலையிலேயே வைப்பது முழு உரிமை ஆகாது. (அரவேனாவைப் புகழ்கிறவர்கள் இதைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்கள்.)

சமூகம் என்ற கணக்கில் தட்டு மறுபக்கம் சாய்கிறது. கின்டா மோன்ராய் குடும்பங்கள் பட்டறைகளில் வடிவமைப்பாளர்களுடன் உட்கார்ந்து பேசின. வீடுகள் பொது முற்றங்களைச் சுற்றி அமைந்தன. போர்தோவின் புதிய அறைகள் அழகானவை, ஆனால் தனித்தனியானவை. அவை திறப்பது நகரத்தை நோக்கி, அண்டை வீட்டை நோக்கி அல்ல.

பழைய அடுக்குமாடி இருக்கும் இடத்தில் நான் போர்தோவைத்தான் தேர்வேன். வெற்று நிலமும் சொற்ப மானியமும் மட்டுமே இருக்கும் இடத்தில் குளியலறையையும் மாடிப்படியையும் முதலில் கட்டும் இக்கிக்கே வரிசையே சரி, முதியவர் வீடுகளின் மறுபாதிக்கும் தனியே நிதி ஒதுக்கப்படுமானால்.